முறைப் பட்டியலும் இரண்டு பென்ட்ரைவும்

ஜூன் 9, செவ்வாய்

சோளகக் காற்று. நாள் முழுக்க மண். கட்டில், கதிரை, விசைப்பலகை இடுக்கு, எல்லாம் மண்.

அப்பா களப்புக்கு, இறால் வலையோடு. அம்மா தூக்கம். பௌதிகக் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். இதை யாரும் திருப்பிப் பார்க்க மாட்டார்கள். நானே பார்ப்பதில்லை.

செய்துவிட்டேன். கரைவலைச் சங்கத்து லாப்டொப்பில் இருந்த விண்டோஸை அழித்து லினக்ஸ் போட்டுவிட்டேன். அப்பா சங்கச் செயலாளர் என்பதால் அது எங்கள் வீட்டில் இருக்கிறது. என்னுடையது அல்ல. அப்பாவுடையதும் அல்ல.

ஏன் செய்தேன் என்று எழுதி வைக்கிறேன், அடி விழும்போது சொல்ல:

– அது டவுன் கடையில் போட்ட திருட்டு விண்டோஸ். நிமிடத்துக்கொரு தடவை திரை கறுக்கும்.
– திறக்கவே பத்து நிமிடம்.
– கணினிப் பாடம் எடுக்கும் ஐ.சி.ரீ. மிஸ் ஆளுக்கு இரண்டு பென்ட்ரைவில் இரண்டு லினக்ஸ் தந்தா. "ரெண்டையும் பாத்திட்டு எது நல்லதெண்டு எழுதிக்கொண்டு வாங்கோ. ஏனெண்டும் எழுதோணும்." (பார்க்கத்தான் சொன்னா. அழிக்கச் சொல்லவில்லை.)

ஒன்று சுத்தமானது. இனி அதன் பெயர் சு. உள்ளே இருக்கும் எதையும் யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். மூடிய சாமான் ஒன்றுகூட இல்லை. மற்றது வசதியானது. இனி அதன் பெயர் வ. அதுவும் லினக்ஸ்தான், ஆனால் கொம்பனிகள் மூடிக் கொடுக்கும் துண்டுகளையும் சேர்த்துக்கொள்ளும். எல்லாம் உடனே வேலை செய்யும்.

சு. போட்டேன். பெருமையாக இருந்தது, கால் மணி நேரம்.

வைஃபை இல்லை. இந்த லாப்டொப்பின் வைஃபைக்கு மூடிய மென்பொருள் வேண்டுமாம். சு. அதைத் தொடாது.

சங்கக் கோப்புகளை முதலிலேயே பென்ட்ரைவில் எடுத்து வைத்தேன். அந்த அளவுக்காவது புத்தி.

ஜூன் 10, புதன்

புத்தி இல்லை.

கோப்பைத் திறந்தேன். தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை. கடிதங்கள், உறுப்பினர் விபரம், முறைப் பட்டியல், எல்லாம் அப்படியே.

முறைப் பட்டியல்தான் சங்கமே. பதினெட்டுக் குடும்பம். யார் எந்த நாள் கடலில் கரைவலை வளைத்து இழுக்கலாம் என்பது அதில். உயிர்த்த ஞாயிறு கழித்து எல்லோரும் கூடிப் புதிதாக எழுதினார்கள். மை முடிந்ததால் அச்சடிக்கவில்லை. லாப்டொப்பில் மட்டும்.

பின்னேரம் மரியதாஸ் மாமா வந்தார். தன் முறையை அப்பா பின்னுக்குத் தள்ளிவிட்டார் என்று கரையில் கதைத்துத் திரிகிறவர். அப்பா விறாந்தையில், நான் குசினிக்குள்.

"அந்தோனி, ஞாயிறு பூசை முடிய பட்டியலைக் காட்டோணும். கொம்பியூட்டர் பழுதெண்டு கதை விடாதை."

"ஏன் பழுதாகுது? வந்து பார்."

"பாப்பம். செயலாளர் வீட்டுப் பெட்டிக்குள்ள போனது திரும்பி வருதோ எண்டு."

கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை விழுந்து உடைந்தது. அம்மா ஏசினா. ஞாயிறு பட்டியல் இல்லை என்றால் அப்பாதான் அழித்தார் என்பார்கள். அழித்தது நான்.

சாப்பிடவில்லை.

ஜூன் 11, வியாழன்

மழை மாதிரி இருட்டியது, பெய்யவில்லை.

கொக்கிளாய் பஸ்ஸில் வகுப்புத் தோழி ஷாமினிக்கு மட்டும் சொன்னேன். சிரித்தாள்.

"விசரே உனக்கு? அது பாமினி எழுத்தடி. ஆங்கில எழுத்துக்கு மேல தமிழ்ப் படத்தை ஒட்டின மாதிரி. அந்த எழுத்துரு இல்லாட்டிக் குப்பையாத்தான் தெரியும். எங்கட வீட்டில இருக்கு, நாளைக்குக் கொண்டுவாறன். வ.வையும் போடு, வைஃபையும் வரும். அஞ்சு நிமிச வேலை."

அழியவில்லை! ஒன்றும் அழியவில்லை! நாயாற்றுப் பாலத்தில் பஸ் குலுங்கியபோது சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஒரு கிழவர் திரும்பிப் பார்த்தார்.

இப்போது யோசிக்கிறேன். ஐந்து நிமிடம். அதுதான் இழுக்கிறது. ஆனால் அந்த எழுத்துருவை யார் செய்தது, யார் யாருக்குக் கொடுக்கலாம், ஷாமினிக்கும் தெரியாது. போட்டாலும் என்ன? பட்டியல் இந்த ஒரு லாப்டொப்பில் மட்டும் தமிழாகத் தெரியும். யாருடைய போனிலும் தெரியாது. மறுபடியும் அப்பாவின் பெட்டிக்குள். மரியதாஸ் மாமா சொன்னதும் அதுதானே.

அலுமாரியில் சங்கக் கோவை. அதில் ஒரு பழைய கடிதம், அச்சடித்தது, கீழே அப்பாவின் பெயர். அதே கடிதத்தைத் திரையில் திறந்தேன். கீழே: me;Njhdpg;gps;is

அந்தோனிப்பிள்ளை.

m என்றால் அ. d என்றால் ன. அரைப்புள்ளிதான் மெய்யின் புள்ளி. ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து எழுதுகிறேன். இதுவரை 41. அம்மா இருமுகிறா. போதும்.

ஜூன் 12, வெள்ளி

மிஸ் எழுதிவரச் சொன்ன ஒப்படையைக் கொடுக்கவில்லை. "திங்கள் தாறன் மிஸ்." முறைத்தா.

ஷாமினி பென்ட்ரைவில் எழுத்துருவைக் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிப் பென்சில் பெட்டிக்குள் வைத்தேன். ஞாயிறு காலை வரை பார்ப்பேன், முடியாவிட்டால் வ.வும் எழுத்துருவும். எனக்காக அப்பா தலைகுனிய முடியாது.

சு.வில் பைதன் இருக்கிறது, வகுப்பில் நிரல் எழுதப் படித்த அதே பைதன். எந்த ஆங்கில எழுத்துக்கு எந்தத் தமிழ் என்ற என் அட்டவணையை உள்ளே கொடுத்தேன். முதல் தடவை: கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். பழைய முறையில் கொம்பு முதலில், எழுத்து பிறகு. கணினிக்கு அது தலைகீழ். மூன்று மணி நேரம் அதற்கு மட்டும். நுளம்புக் கடி வேறு.

பிறகு ஓடவிட்டேன். 1. அந்தோனிப்பிள்ளை. 2. அருளப்பு. 3. ...

பதினெட்டும் வந்தது. பதினெட்டும் தமிழ். எழும்பி நின்றுவிட்டேன். சத்தம் போட முடியாது. தலையணையைக் கடித்தேன்.

ஜூன் 13, சனி

அப்பா மத்தியானத் தூக்கத்தில். அவருடைய போனைக் கேபிளால் லாப்டொப்பில் கொழுவினேன். இணையம் வந்தது! வைஃபை இல்லாமலே, சு.விலேயே. கேபிளோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது என் கரைச்சல், என்னோடு போகட்டும். பட்டியல் பதினெட்டுக் குடும்பத்தின் கரைச்சல், அதில் விட்டுக்கொடுக்க ஏலாது. இதையே மிஸ்ஸுக்கு எழுதப்போகிறேன்.

பட்டியலைப் போனில் ஏற்றிப் பார்த்தேன். தெரிகிறது. நாளை.

ஜூன் 14, ஞாயிறு

இன்று எழுத நிறைய இருக்கிறது.

பூசை முடிய பங்கு மண்டபம். அப்பா லாப்டொப்பைத் திறந்தார். "என்ன பிள்ளை இது, வேற மாதிரிக் கிடக்கு?"

"பட்டியல் இருக்கப்பா."

மரியதாஸ் மாமா: "இப்ப சின்னச் செயலாளரும் வந்தாச்சு!"

சிரித்தார்கள். ஆனாலும் சொன்னேன்: "மாமா, எல்லாரும் போனைப் பாருங்கோ. அனுப்பியிருக்கு." காலையில் அப்பாவின் போனிலிருந்து சங்க வட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். (வட்ஸ்அப்பும் மூடிய சாமான்தான். தெரியும்.)

பதினெட்டுப் போன். மாமா கண்ணாடியைப் போட்டு முதலாம் பெயரிலிருந்து சத்தமாக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் "ஓம்" என்றார்கள். ஒன்பதில் தன் பெயரில் நின்றார்.

"அண்டைக்குக் கூட்டத்தில சொன்ன ஒன்பதுதானே?" என்று அருளப்பு மாமா.

"ஓம்... ஒன்பதுதான்."

யாரோ கை தட்டினார்கள். முறை மாறும்போதெல்லாம் இனி எல்லோருக்கும் பிரதி என்று தீர்மானம்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். லாப்டொப்பை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு கேட்டார்.

"டவுன் கடைக்காரனிட்ட இனிப் போகத் தேவையில்லையோ?"

"இல்லையப்பா."

"அடுத்தமுறை சொல்லிப்போட்டு அழி."

ஜூன் 15, திங்கள்

காற்று விட்டிருக்கிறது. ஒப்படை கொடுத்தாயிற்று.

பின்னேரம் மரியதாஸ் மாமா, கையில் மகனுடைய பழைய லாப்டொப். "எனக்கும் அதைப் போட்டுவிடு பிள்ளை."

எது என்று கேட்டேன். இரண்டையும் விளக்கினேன். சு.வில் வைஃபை வராமல் போகலாம், கேபிள் வேண்டியிருக்கும், வ.வில் உடனே எல்லாம் வரும் என்று ஒளிக்காமல் சொன்னேன்.

"மூண்டு வருசமா என்ர முறையைக் கேட்டு உங்கட படலையில வந்து நிண்டனான். இனி ஒருத்தரிட்டையும் போய் நிக்காத சாமானாப் போடு."

சு. ஏறிக்கொண்டிருக்கிறது. 62 வீதம்.