மிஸஸ் வில்சனின் ஆடி மாதம்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. மகள் மகிழுக்கு இருமல் குறைந்திருக்கிறது. நெஞ்சில் காது வைத்துப் பார்த்தேன், சத்தம் இல்லை. மறுபடியும் வைத்துப் பார்த்தேன்.

இன்று முடிக்க நினைத்தவை: சிறுநீரகப் பாடம், தைராய்டு பாடம், கேஸ் புக்கிங், மகிழின் ஸ்வெட்டருக்குப் பட்டன். முடிந்தது பட்டன் மட்டும்.

கனடா மருந்தாளுநர் உரிமத்துக்கு எழுத்துத் தேர்வு தேறியாயிற்று. பாக்கி பேச்சுத் தேர்வு. அக்டோபரில், அங்கே போய். நோயாளி மாதிரி ஒரு நடிகர் வந்து உட்காருவாராம். கேட்க வேண்டியதைக் கேட்க வேண்டும், ஆபத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நஸ்ரினோடு வீடியோவில் பயிற்சி. என்னோடு பி.ஃபார்ம் படித்தவள், அவளும் எழுதுகிறாள். "ஏய், நீ இன்னும் ஆஸ்பத்திரி ஜன்னல்லயே நிக்கறே. கேள்வி கேளுடி! கேட்டா வாய் தேஞ்சிடுமா?"

சரிதான். ஐந்து வருடம் ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலுக்குள் இருந்தேன். அட்டையைக் கத்தரி, கவரில் போடு, மேலே 1-0-1 எழுது, அடுத்த டோக்கன். யாரையும் எதுவும் கேட்டதில்லை. அவர்களும் சொன்னதில்லை.

ஜூலை 10, வியாழன்

கனடாவில் மருந்துக் கடைக்குள்ளேயே பேசுவதற்கு ஒரு சின்ன அறை இருக்கிறதாம். கதவு வைத்தது. இன்று ஒரு வீடியோவில் பார்த்தேன். எதிரெதிரே இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். கோயில் கருவறையை எட்டிப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹார்மோன் பாடம். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை, ஐந்து மில்லிகிராம். ஒரு சிட்டிகைகூட இல்லை. அது உள்ளே போய் ஒரு உடம்பின் மாதக் கணக்கையே நிறுத்தி வைக்கிறது. யாருக்கு யார் சொல்லி அனுப்பினார்கள்? படித்ததுதான், எத்தனையோ முறை. இன்றுதான் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிறு நஸ்ரின் ஊரில் இல்லை. நோயாளியாக நடிக்க ஆள் வேண்டும். அத்தையைக் கேட்டேன். என் கணவர் ரமேஷின் அம்மா; நாடகம் என்றால் விடமாட்டார். "எனக்கு இன்னா வியாதி? பெருசா குடு."

ஜூலை 13, ஞாயிறு

வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மதியம் மகிழ் தூங்கினாள். சாப்பாட்டு மேஜையின் இரண்டு பக்கமும் நாற்காலி போட்டேன். பயிற்சி அட்டையில் இருந்ததைச் சொன்னேன்: நீங்கள் மிஸஸ் வில்சன், வயது ஐம்பத்தாறு, முட்டி வலிக்கு மாத்திரை வாங்க வந்திருக்கிறீர்கள்.

"வெள்ளைக்காரம்மாவுக்கும் முட்டி வலிக்குமா?"

"வலிக்கும் அத்தை."

"அத்தைன்னு சொல்லாதே. வில்சன்."

முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, நொண்டி நொண்டி வந்து உட்கார்ந்தார். "வணக்கம் மேடம்." எனக்குச் சிரிப்பு. அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். பி.பி.? சர்க்கரை? அலர்ஜி? பிறகு, நான் எப்போதும் விட்டுவிடும் கேள்வி: "டாக்டர் எழுதிக் குடுக்காம, நீங்களே கடையில வாங்கிப் போடற மாத்திரை ஏதாவது இருக்கா?"

"ஆடி வந்தா மட்டும் போடுவேன் மேடம்."

மிஸஸ் வில்சனுக்கு ஏது ஆடி? சிரித்தேன். அத்தை சிரிக்கவில்லை. மேஜை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"தள்ளிப் போடற மாத்திரை. கோயில்ல கூழ் கிண்டணுமே."

"உங்களுக்குத்தான் நின்னு போச்சே?"

"நின்னு நாலு வருஷம் ஆச்சு மேடம். போன வருஷத்துலேர்ந்து திரும்பக் கொஞ்சம் கொஞ்சம் படுது. கறை மாதிரி. மாத்திரை போட்டா நிக்குது. இந்தத் தடவை முன்னாடியே ஆரம்பிச்சிட்டேன்."

பதில் எல்லாம் மிஸஸ் வில்சனின் குரலில். கண் மட்டும் அத்தையின் கண்.

புத்தகத்தில் சிவப்புக் கட்டம் போட்ட வரி அது. மாதவிலக்கு நின்றபின் ரத்தம் என்றால் மருந்து கொடுக்காதே, உடனே டாக்டரிடம் அனுப்பு. கர்ப்பப்பைப் புற்றாக இருக்கலாம்.

எத்தனையோ வருடமாக ஒரே வீடு. ஒரே குளியலறை. இதே அத்தையின் பி.பி. மாத்திரையைத் தினமும் எடுத்துக் கொடுப்பவள் நான். மருமகளிடம் சொல்ல முடியாததை, எதிரே உட்கார்ந்து "மேடம்" என்றதும் சொல்ல முடிந்திருக்கிறது. ஒரு கேள்விக்குள் இவ்வளவு இருக்குமா?

ஜூலை 14, திங்கள்

காலையிலேயே சண்டை. அத்தை ஒத்துக்கொள்ளவில்லை.

"கூழ் ஊத்திட்டு வரேன். ரெண்டு வாரம்தானே?"

"மாத்திரையை இன்னிக்கே நிறுத்தணும் அத்தை."

"நிறுத்தினா பட்டுடும். பட்டா பானை கிட்ட போக முடியாது. கே.ஜி.எஃப்.லேர்ந்து இங்க வந்ததுலேர்ந்து முதல் கரண்டி நான்தான் பிடிக்கறேன். ரமேஷ் கிட்ட சொன்னே, அவ்வளவுதான்."

அழுதுகொண்டே குக்கரை வைத்தேன். தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டேன்.

பத்து மணிக்கு அத்தையே மேஜைப் பக்கம் வந்து, நேற்றைய நாற்காலியில் உட்கார்ந்தார். "மருமக சொன்னா கேக்க மாட்டேன். மேடம் சொல்லட்டும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். பயமுறுத்தாமல், மறைக்காமல், தேர்வில் சொல்ல வேண்டிய மாதிரியே சொன்னேன். இது சாதாரணமாகவும் இருக்கலாம், பெரிதாகவும் இருக்கலாம். பார்க்காமல் எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. மாத்திரை ரத்தத்தை நிறுத்தலாம், காரணத்தை நிறுத்தாது. கடைசியில், "உங்களுக்கு ஏதாவது கேக்கணுமா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். காத்திருப்பதும் பயிற்சியில் ஒரு பகுதி.

அத்தை மேஜை விரிப்பின் ஓரத்தை நீவிவிட்டார். பிறகு, "கூட யார் வருவாங்க மேடம்?"

"நான் வரேன்."

ஜூலை 15, செவ்வாய்

அல்சூரில் லேடி டாக்டர். மகிழை மாடி வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். டாக்டர் கன்னடத்தில் "ஏனாயித்தம்மா?" என்று, என்ன ஆயிற்றெனக் கேட்டதும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து எல்லாம் சொல்லிவிட்டார். ஒருமுறை சொன்ன வாய்க்கு இரண்டாம் முறை சுலபம் போலிருக்கிறது. ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்திருக்கிறது. அந்தச் சவ்வில் துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மாத்திரை நிறுத்தியாயிற்று.

வரும் வழியில் ஆட்டோவில் அத்தை: "உன் பரீட்சையில நான் பாஸா?"

ஜூலை 20, ஞாயிறு

படிப்பு ஓடவில்லை. மகிழின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அத்தைக்கு ரத்தம் பட ஆரம்பித்துவிட்டது. என்னிடம் வந்து அவரே சொன்னார், எப்போது, எவ்வளவு என்று. நர்சிடம் சொல்வது போல. நானும் குறித்துக்கொண்டேன்.

ஜூலை 25, வெள்ளி

ரிப்போர்ட் வந்தது. புற்று இல்லை. ஆனால் செல்கள் மாறத் தொடங்கியிருக்கின்றன, விட்டால் அங்கேதான் போகும் என்றார் டாக்டர். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும். ஆகஸ்டில்.

அத்தையே வெளியூரில் இருக்கும் ரமேஷுக்குப் போன் செய்தார். அவர் அழ, இவர் அதட்ட. "ஏன்டா அழறே? நீ பொறந்துட்டே இல்ல, இனிமே அது இன்னாத்துக்கு?"

நான் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். பயத்தில் இல்லை. இவ்வளவு பெரியது இவ்வளவு அருகில் வந்துவிட்டு, ஒரு கேள்வியில் நின்றிருக்கிறது. யாருக்கு நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

மர்பி டவுன் கோயிலில் கூழ். அத்தை வந்தார். கோயிலுக்குள் இல்லை, எதிர்ச் சாரியில் மூடியிருந்த டெய்லர் கடைப் படியில் உட்கார்ந்தார். நானும் மகிழும் பக்கத்தில். உள்ளே வேறு யாரோ கரண்டி பிடித்தார்கள். அத்தை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அடி பிடிக்கப் போகுது பாரு," என்றார் ஒருமுறை.

ராணி அக்கா எங்களுக்குச் சொம்பில் கூழ் கொண்டுவந்தார். பக்கத்துத் தெரு, அத்தை வயதுதான். "இன்னாக்கா, இங்க குந்திட்டே? உள்ள வா."

அத்தை குரலைத் தாழ்த்தவே இல்லை. "கர்ப்பப்பையில ப்ராப்ளம். நின்ன பிறகு திரும்ப ரத்தம். ஆபரேஷன் இருக்கு." பிறகு என்னைப் பார்க்காமலேயே, "உனக்கு நின்னு எத்தினி வருஷம் ராணி? அப்புறம் ஏதாவது பட்டுச்சா?"

ராணி அக்கா தெருவின் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். சொம்பு கையிலேயே இருந்தது.

அத்தை படியில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"குந்து."