வல்லூறுகள் கடக்கும் மாதம்

செப்டம்பர் 14

வெயில் ஏறிய பிறகுதான் முதல் பருந்து வந்தது. பின்னாலேயே இன்னொன்று, அப்புறம் ஒரு கூட்டமே. தண்ணீர்த் தொட்டிக்கு நேர் மேலே வட்டம் போட்டன. இறக்கையை ஒரு தடவைகூட அடிக்கவில்லை. சூடான காற்று தூக்கத் தூக்க ஏறிக்கொண்டே போய், உச்சியை எட்டியதும் ஒவ்வொன்றாகத் தெற்கே சரிந்தன. கழுத்து வலிக்கும் வரை பார்த்தேன். தொலைநோக்கி பழையது, நான் வேலை பார்த்த மூக்குக் கண்ணாடிக் கடையை மூடியபோது முதலாளி கொடுத்தது. இந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான். பல் துலக்கும் பிரஷ்கூட அத்தை வாங்கிக் கொடுத்தது.

கீழே மாமனாரின் இரும்புச் சாமான் கடை, நடுவில் வீடு, மொட்டைமாடியில் அவருடைய புறாக்கள். நான் புறாக்களுக்குக் காவல் நிற்பதாக மாமா நினைத்துக்கொண்டிருக்கிறார். "பருந்து கண்ல பட்டா ஒரு விசில் அடிங்க மாப்ள, போதும்." தலையாட்டினேன். நான்கு வருடமாகத் தலையாட்டுவதில் நல்ல தேர்ச்சி.

செப்டம்பர் 17

சோடாபுட்டி போன் செய்தான். கண்ணாடிக் கடையில் எனக்குப் பக்கத்து மேசை. வேறு ஊரில் சொந்தமாகக் கடை போடுகிறானாம். லென்ஸ் வெட்ட ஆள் வேண்டும், நான்தான் வேண்டும் என்கிறான். "மாசக் கடைசிக்குள்ள சொல்லு. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன், கோவிச்சுக்காதே." போனை வைத்த பிறகும் உள்ளங்கையில் லென்ஸ் பொடி ஒட்டியிருப்பது போலவே இருந்தது.

மனைவியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"போலாம். ஆனா அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும்."

"நீ சொன்னா உடனே கேப்பாரே."

"கேப்பார். அப்புறம் ஆயுசுக்கும் நான்தான் உங்களை இழுத்துட்டுப் போனதா ஆயிடும். எல்லாரும் சொல்லுவாங்க. ஒருநாள் நீங்களும் சொல்லுவீங்க."

நியாயம்தானே?

செப்டம்பர் 18

மழை. வானத்தில் ஒன்றும் இல்லை. மாமாவிடம் சொல்லவில்லை.

செப்டம்பர் 20

சாப்பிடும்போது சொல்லிவிடுவது என்று உட்கார்ந்தேன். "மாமா..." என்றேன். "என்ன, இன்னும் கொஞ்சம் வேணுமா? ஏய், மாப்ளைக்குப் போடு!" போட்டார்கள். தின்றேன். சொல்ல வந்ததையும் அதோடு சேர்த்து விழுங்கினேன்.

இவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் என்றைக்கோ சண்டை போட்டுக்கொண்டு போயிருப்பேன். வேலை போய் நான் நடுத்தெருவில் நின்றபோது முகம் சுளிக்காமல் கூப்பிட்டு வைத்துக்கொண்டவர்கள். ஜெயிலுக்கு மாமியார் வீடு என்று பேர் வைத்தவன் யாரோ, கட்டாயம் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தவன்தான். அவனுடைய மாமியாரும் தங்கமானவராகத்தான் இருந்திருப்பார்.

செப்டம்பர் 23

ஒரு வல்லூறு மாமாவின் கரணப்புறாவை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆகாயத்தில் குட்டிக்கரணம் போடுமே, அந்தப் புறா.

நான் மேலேதான் இருந்தேன். அது இறக்கையை ஒடுக்கிக்கொண்டு இறங்கியதை முதலிலிருந்தே பார்த்தேன். விசில் வாயில்தான் இருந்தது. ஊதவில்லை. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். அவ்வளவு அழகாக இருந்தது. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. மாமா மேலே வந்து இறகுகளைப் பொறுக்கினார். "முட்டையிலேர்ந்து பாத்துப் பாத்து வளத்தேன் மாப்ள" என்று சட்டைக் கையில் கண்ணைத் துடைத்தார்.

"கவனிக்கல மாமா" என்றேன்.

செப்டம்பர் 24

கடையிலிருந்து நைலான் வலை வந்தது. புறாக்கூண்டுக்கு மேலே கட்டச் சொன்னார். ஒரு கிழட்டுப் புறாவை ஆசை காட்ட அடியில் விட்டிருக்கிறார். முடிச்செல்லாம் நான் போட்டது. கெட்டியான முடிச்சு.

செப்டம்பர் 26

வல்லூறு மாட்டிக்கொண்டது. என் வலது கையில் கட்டு. இடது கையால் எழுதுகிறேன். இன்றைக்கே எழுதாவிட்டால் நாளைக்கு மாற்றி எழுதிவிடுவேன்.

காலையில் மாமா போட்ட கூச்சலில் தெருவே நின்று மேலே பார்த்தது. ஓடினேன். வலைக்குள் சுருண்டு கிடந்தது. சாம்பல் நிற முதுகு, மார்பில் கோடு கோடாக, மஞ்சள் கண். கத்தவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. மாமா வலையை அறுத்து, ஒரு பழைய போர்வையை என்னிடம் கொடுத்தார்.

"போத்திக் கெட்டியாப் புடிச்சுக்குங்க. இறக்கையை வெட்டி இந்தக் கம்பத்துல கட்டி வெச்சுட்டா, இன்னொண்ணு இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்காது."

பிடித்தேன். சொன்னால் செய்கிறவன்தானே நான். அதன் நெஞ்சு படபடப்பது போர்வையைத் தாண்டி இரண்டு உள்ளங்கைகளிலும் தெரிந்தது. மாமா கத்தரிக்கோலோடு கிட்டே வந்தார். வெட்டிய இறகு திரும்ப முளைக்கும், செத்தா போகும், இந்த வருடம் போக முடியாது, அவ்வளவுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்ன உடனே சுருக்கென்றது. இதையேதானே நாலு வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கேன்? இந்த வருஷம் இல்லேன்னா என்ன, இந்த வருஷம் இல்லேன்னா என்னன்னு?

அப்போதுதான் ஒரு நகம் போர்வையைத் துளைத்துக்கொண்டு கட்டைவிரலுக்கு அடியில் இறங்கியது. உயிர் போகிற வலி. ஆனாலும் பிடித்திருந்தேன். பிடித்திருக்க முடிந்தது, அதுதான் விஷயம். மாமா ஒரு இறக்கையை இழுத்து விரித்தார். நான் விரல்களைப் பிரித்துவிட்டேன்.

போர்வை விழுந்தது. கைப்பிடிச் சுவரில் ஒரு நொடி உட்கார்ந்தது. பிறகு இல்லை.

மாமா கத்தரிக்கோலை வீசிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயோ, ரத்தம்! போனாப் போகுது சனியன். வலி தாங்காம விட்டுட்டீங்க, யாரா இருந்தாலும் விட்டிருப்பாங்க."

"ஆமா மாமா" என்றேன்.

மாடிப்படியில் ஈரத்துணி வாளியோடு அவள் நின்றுகொண்டிருந்தாள்.

செப்டம்பர் 27

ஊசி போட்டார்கள். அத்தை ஊட்டிவிடுகிறார். முப்பத்தாறு வயதில்.

செப்டம்பர் 28

கடைக்கு வருகிற எல்லோரிடமும் மாமா என் கையைக் காட்டுகிறார். "நகம் உள்ள போயிருச்சு, மாப்ள அப்பவும் சட்டுனு பிடியை விடலியே!" குழாய் வாங்க வந்த பிளம்பர், என் கையின் கட்டுத்துணியை மரியாதையோடு தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். நான் சிரித்து வைத்தேன்.

அதோடு விட்டதா? கடை போர்டில் தன் பெயருக்குக் கீழே என் பெயரையும் சேர்க்கப் போகிறாராம். "ரொம்ப நாளா நினைச்சிட்டிருந்தேன். நாளன்னைக்கு பெயின்டர் வர்றார்." அத்தைக்குக் கண் கலங்கியது. எனக்கும் கலங்கியது, காரணம் வேறு. போர்டில் பெயர் ஏறினால் அப்புறம் எங்கே போவது? இரும்புத் தகடு, எண்ணெய் பெயின்ட். என் காலத்துக்கும் போகாது.

செப்டம்பர் 29

காற்று வடக்கிலிருந்து வீசத் தொடங்கிவிட்டது. வானம் நிறையப் பருந்துகள், மழைக்கு எங்கெங்கோ ஒதுங்கியிருந்ததெல்லாம் ஒரே நாளில் கிளம்பிவிட்டது போல. ஒரு கையால் தொலைநோக்கியைப் பிடித்தால் ஆடுகிறது. அவள் மேலே வந்து அதைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிச்சா நீங்க பல்லைக் கடிப்பீங்க" என்றாள். "அன்னிக்குக் கடிச்சுக்கிட்டுதான் இருந்தீங்க. விடறப்போ கடிக்கல."

"பாத்தியா?"

"நாலு வருஷத்துல இந்த வீட்ல நீங்களா செஞ்சது அது ஒண்ணுதான். அதையும் வலியால செஞ்சேன்னு ஒத்துக்கிட்டீங்க."

அவள் இறங்கிப் போன பிறகும் அங்கேயே நின்றேன். கோபம் வந்தது. அவள் மேல் இல்லை.

செப்டம்பர் 30

பெயின்டர் ஏணியைச் சாய்த்து, மேலே ஏறி, சாக்பீஸால் கோடு போட்டார். மாமா கீழே நின்று எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று கையை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். தன் எழுத்தின் அளவுக்கே சொன்னார். பெயின்டர் பிரஷை டப்பாவில் தோய்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "பேரு முழுசாவா, இனிஷியல் மட்டுமா சார்?"

பேரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"மாமா, அன்னிக்கு நான் வலியால விடல. வேணும்னுதான் விட்டேன்."

மாமா கையை அப்படியே விரித்தபடி திரும்பினார். பெயின்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க போய் டீ சாப்பிட்டு வாங்க" என்று அவரை அனுப்பினார். பிறகு ஆணிப் பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"வேற என்னென்ன சொல்லாம வெச்சிருக்கீங்க?"

சொன்னேன். விசிலைச் சொன்னேன், கரணப்புறாவைச் சொன்னேன். சோடாபுட்டியைச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், நடுவில் நிறுத்தவில்லை. மாமா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நாலு வருஷம் ஒரே தட்டுல சாப்பிடாத குறை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை... நான் என்ன பேயா, பிசாசா?"

"இல்ல மாமா. அதனாலதான் சொல்ல முடியல."

அவர் எழுந்து போய் ஏணியை மடக்கி உள்ளே வைத்தார். நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். புறாவுக்காக அழுதபோதுகூட அவர் முகம் இப்படி இல்லை.

சோடாபுட்டிக்கு போன் செய்துவிட்டேன்.

அக்டோபர் 19

புது ஊரில் நாங்கள் இருக்கும் இந்த அறைக்கு ஒரே ஜன்னல்; வானம் ஒரு துண்டுதான் தெரிகிறது. காலையில் அதில் இரண்டு பருந்துகள் போயின. கடைசியாகப் போகிறவையாக இருக்கும். கை ஆறிவிட்டது, லென்ஸ் வெட்ட வருகிறது. மாமா என்னோடு இன்னும் பேசவில்லை. அவளுக்கு போன் செய்யும்போது, "கை எப்படி இருக்காம்?" என்று மட்டும் கேட்கிறாராம்.

சாயங்காலம் அவள் டீ போட்டுக் கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை ஜாஸ்தி" என்றேன்.

"அம்மா இதே அளவுதானே போடுவாங்க? நாலு வருஷமா குடிச்சீங்க?"

"குடிச்சேன்."

என்னையே பார்த்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டுபோய்த் தொட்டியில் கொட்டிவிட்டு, மறுபடியும் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

"இனிமே எதையும் அப்படிக் குடிக்காதீங்க" என்றாள், திரும்பாமல். "நான் போட்டதையும்தான்."