புட்டி மாறவில்லை

என் பிடிவாதக்காரிக்கு,

இங்கே நலம். நீ நலமா என்று கேட்டால் பதில் வராது. போனையும் எடுக்க மாட்டாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். என் கோழிக்கிறுக்கலைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள், வெகுநாளாயிற்று நீ சிரித்து.

படித்துவிட்டு இதை உன் அண்ணனிடம் கொடு. நீ ஆய்வகத்தில் எதையோ உடைத்துவிட்டு வந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறார். நேற்று போனில் அவரே என்னிடம் கேட்டார். அவருக்காக முதலிலிருந்து சொல்கிறேன், என்னைத் திட்டாதே.

அண்ணா, நம் உடம்பிலுள்ள புரதங்கள் அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றில் இரண்டு வடிவம் உண்டு, நம் இரண்டு கைகள் மாதிரி. உயிர்கள் தங்கள் புரதங்களுக்கு இடதையே எடுத்துக்கொள்கின்றன. ஏன் என்று யாருக்கும் தெரியாது. புரதங்களுக்கு முன்னால் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறு இருந்தது, அதுதான் இடதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது என்பது எங்கள் பேராசிரியரின் நம்பிக்கை. உங்கள் தங்கை விதவிதமான ஆர்.என்.ஏ.க்களைச் செய்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வடிவத்தையும் தனித்தனிப் புட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துப் பார்த்தாள். சில இடதை எடுத்தன. சில வலதை எடுத்தன. "புட்டிய மாத்தி வெச்சிருக்கியேம்மா" என்று பேராசிரியர் எல்லார் முன்னாலும் சொன்னார். மறுபடி செய்தாள், மறுபடியும் அதே. "கவனம் இல்லாதவங்களுக்கு இந்த வேலை சரிப்படாது" என்றார். அன்றே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அவள் எதையும் உடைக்கவில்லை.

இனி உனக்கு. போன மாதம், யாரையும் நம்பிப் பிரயோஜனமில்லை என்று பேராசிரியரே சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பிபெட்டைப் பிடித்தார்! பிடித்து எத்தனை வருஷமாயிற்றோ. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அறை முழுக்க அதைத் தேடினார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முடிவு வந்ததும் சிரிப்பு போய்விட்டது. நீ சொன்ன அதே ஆர்.என்.ஏ.க்கள் வலதைத்தான் எடுத்திருந்தன. அவர் முகம் செத்துப்போயிற்று. "நானே புட்டிய மாத்திட்டேனோ, கொஞ்சம் பாரும்மா" என்றார். பார்த்தேன், மாறவில்லை. வேறு கம்பெனியிலிருந்து சீல் உடைக்காத புட்டிகளை வரவழைத்துச் செய்தார். அதே முடிவு. ஆர்.என்.ஏ.வுக்கு இடதுமேல் தனி ஆசை எதுவும் இல்லையடி. உயிர் இடதுக்கு வந்து சேர்ந்தது பிற்பாடு, வேறு ஏதோ காரணத்தால். இதை முதலில் கண்டது நீ.

அன்று சாயங்காலம் உன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அவகிட்ட பேசுறது?" என்று கேட்டார். எனக்கும் ஆத்திரம், "அன்னிக்கு வெச்சிருந்த அதே மூஞ்சிதான் சார்" என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை, தலையைத்தான் ஆட்டினார். பாவமாக இருந்தது. ஆய்வுக் கட்டுரையில் உன் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறார். நீ சம்மதிக்காமல் அனுப்ப மாட்டாராம். அடுத்த வாரம் உன் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்கப் போகிறாராம். வாசலோடு அனுப்பிவிடாதே, உள்ளே கூப்பிடு. வேண்டுமானால் காபியில் சர்க்கரை போடாதே.

ஆனால் நான் அவசரமாக எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. உன் அண்ணன் இன்னொன்றும் சொன்னார். அவருடைய மருந்துக்கடையில் நீ ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் கொடுப்பதற்குள் சீட்டையும் அட்டையையும் திரும்பத் திரும்பப் பார்க்கிறாயாம். கொடுத்த பிறகும் வாங்கிய ஆளைத் தெருவில் துரத்திக்கொண்டு போய், பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கிறாயாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நீ திரும்பி வருவதும் வராததும் உன் இஷ்டம். வராவிட்டால் சண்டை போடுவேன், அது வேறு விஷயம். இப்போதைக்கு ஒன்றே ஒன்று செய். நாளைக்கு யாராவது மருந்து கேட்டு வந்தால், ஒரு தடவை பார்த்துக் கொடு. கொடுத்துவிட்டு அவரைப் போகவிடு. போகவிடு, கண்ணு.

உன் கைமேல் ஒருநாளும் சந்தேகப்படாத,
பக்கத்து மேஜைக்காரி