கப்பல்காரர் எழுதி வைத்த வீடு

வெள்ளி, நவம்பர் 14

கப்பல் வேலைக்குப் போய்க் கடலோடு போன பாட்டனாரைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பல்லாவரம் வீட்டின் பழைய பத்திர நகலுக்கு மனுப் போட்டேன். சும்மா இருந்திருக்கலாம். இன்று கைக்கு வந்துவிட்டது. வீட்டை அவர் வாப்பாவுக்கு எழுதவில்லை. வாப்பாவின் தங்கைக்கு, அப்போது கைக்குழந்தையாக இருந்த மாமிக்கு எழுதியிருக்கிறார். "என் மகள் பேரில் எனக்குள்ள பிரியத்தினால்" என்று.

எங்கள் கடற்கரை ஊரில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கப்பலுக்குப் போகிறவன் திரும்பி வருவது நிச்சயமில்லையே. இங்கே வந்து அதைச் சுத்தமாக மறந்துவிட்டோம். வாப்பாவும் மறந்தாரா, இல்லை...

மாமி மேடவாக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறார்.

"மாடி கட்டினது நாமதானே? பேசாம உள்ள வைங்க" என்கிறாள் மனைவி. கட்டினது நாம்தான். இடம்?

சாயங்காலம் மஃரிப் தொழுகைக்குப் பிறகு மாமியே போன் செய்தார்.

"பத்திரம் கெடச்சுதாப்பா?"

"இன்னும் இல்ல மாமி."

"வாப்பா மொகம்கூட எனக்குத் தெரியாது. என்னைப் பத்தி ஒரு வார்த்தையாச்சும் அதுல எழுதியிருப்பாங்களா?"

"பத்திரத்துல அதெல்லாம் எழுத மாட்டாங்க மாமி" என்றேன்.

"ஆமா, எழுத மாட்டாங்கதான்" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.