அறுத்தவர்களுக்கு முதல் பந்தி

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நேற்று இங்கே அறுவடைத் திருநாள், நாடு முழுக்க விடுமுறை. அது வந்த கதையைப் பண்ணையின் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். முதல் விளைச்சலின்போது அறுத்தவர்களை உட்காரவைத்து நிலத்துக்காரரே பரிமாறினாராம். கடைசியில்தான் அவர் சாப்பிட்டாராம். இன்றும் அதுதான் முறையாம்.

ஆனால் விருந்துக்கு அலுவலகத்தார் உட்கார்ந்தார்கள். காலையெல்லாம் முட்டைக்கோஸ் அறுத்த எங்களைத் தட்டு வைக்கச் சொன்னார்கள். நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"எந்திரிம்மா, இது உங்களுக்கில்ல" என்றார் மேஸ்திரி.

"அறுத்தது யாருண்ணே? செவுத்துல ஒட்டுனவங்க அதைப் படிக்க மாட்டாங்களா?"

எனக்குப் பின்னால் இன்னும் ஐந்து நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது.

ஊரிலிருந்து கிளம்பும்போது "வாயக் கட்டு" என்றீர்கள். கட்டித்தான் வைத்திருந்தேன் அப்பா, சாப்பிடத்தான் திறந்தேன்.

கவலைப்பட ஒன்றுமில்லை. இன்றிலிருந்து எனக்குக் குளிர்பதன அறையில் வேலை. கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். புதிது வேண்டாம், நீங்கள் போட்டதே போதும்.

மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் வயலுக்கே திரும்பலாமாம். அதற்கென்று ஒரு தாளும் தந்தார்கள். அந்தத் தாளில்தான் இதை எழுதுகிறேன். இனி இதில் இடமில்லை.

உங்கள் மகள்