கார்டு நம்பர் கேட்ட கட்டம்

வியாழன்.

என் கடை ஏழைகளை விரட்டுகிறது. ஒரு வருஷமாக இணையத்தில் வளையல் விற்கிறேன். பணம் கட்ட கார்டைத் தவிர வேறு வழியே வைக்கவில்லை.

காலையில் பெம்பான் ஊரிலிருந்து லெட்சுமி ஆண்ட்டி என்று ஒருவர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு வளைகாப்பாம். "தம்பி, மூணு தடவ நம்பர் அடிச்சிட்டேன், உன் கடை வேணாங்குது லா. சிவப்பு ஐசிக்காரங்களுக்கு விக்க மாட்டியா?"

எனக்கு முதலில் புரியவில்லை. கார்டு நம்பர் கேட்ட கட்டத்தில் தன் அடையாளக் கார்டு நம்பரைப் போட்டிருக்கிறார். இந்த நாட்டிலேயே பிறந்தும் குடியுரிமை கிடைக்காமல், சிவப்பு ஐசி என்ற அடையாளக் கார்டோடு இருப்பவர். போகும் கவுண்டரிலெல்லாம் அந்தச் சிவப்பைப் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். நானும் அப்படித் திருப்பி அனுப்புகிற ஆள்தான் என்று நினைத்துவிட்டார்.

"அது பேங்க் கார்டு, ஆண்ட்டி."

"அத எழுதிப் போட்டா கை வலிக்குமா? கையில காசு இருக்கு, வந்து வாங்கிக்க."

மதியமே வளையலோடு போனேன். காசும் கொடுத்து மைலோவும் கலக்கிக் கொடுத்தார். மற்றவர்கள் பேசாமல் போயிருப்பார்கள். இவர்தான் கூப்பிட்டுத் திட்டினார். அதற்கு நான் நன்றி சொன்னபோது சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் கியூஆர், பேங்க் டிரான்ஸ்ஃபர், பொருள் வந்தபின் ரொக்கம் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டேன். கட்டத்தின் மேல் 'பேங்க் கார்டு' என்று எழுதினேன்.

என் தவறைத் திருத்த ஒரு சாயங்காலம் போதும். ஆண்ட்டியின் குடியுரிமை மனு பல வருஷமாக அரசாங்க ஆபீசில் கிடக்கிறது. அதிகாரிகளே, அவருக்குக் குடிமக்களின் நீல ஐசியைக் கொடுங்கள்.