ஊரை மட்டும் சொல்லாதே

செவ்வாய், தை 13

மதியம் நான் வேலை பார்க்கும் இ-சேவை மையத்தில் தனியாக இருந்தபோது எதிர்வீட்டு வளர்மதி அத்தை வந்தார். பீங்கான் கம்பெனியிலிருந்து நேராக வந்திருக்கிறார். முழங்கை வரை வெள்ளை மண். இரண்டு வருடம் முன்பு காதலித்தவனோடு போய்விட்ட மகள் கவிதாவின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்.

“நல்லா இருக்குதான்னு தெரிஞ்சா போதும். ஊரை மட்டும் சொல்லாத பாப்பா. அவ அப்பா எப்படியும் என் வாயப் புடுங்கிடுவாரு. இன்னமும் வெட்டுவேன்னுதான் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு.”

கவிதாவின் பெயரையும் அந்தப் பையனின் பெயரையும் கொடுத்துத் தேடினேன். உடனே வந்துவிட்டது. திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

“இருக்குது அத்தை.”

“வயசு என்னா போட்டிருக்குது?”

“இருபத்தாறு.”

“தப்பு. இருபத்தஞ்சுதான். பெத்தவளுக்குத் தெரியாதா?”

சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “போயிட்டு வரேன்” என்று கிளம்பிவிட்டார்.

அந்த ஊரும் வாக்குச்சாவடியும் இப்போது எனக்குத் தெரியும். மறக்க நினைக்க நினைக்கத் தெளிவாக நிற்கின்றன. நான் யாரிடமும் சொல்லப் போவதில்லை. ஆனால் தேடுவதற்கு இரண்டு பெயர்கள்தான் தேவைப்பட்டன. அந்த இரண்டும் கவிதாவின் அப்பாவுக்கும் தெரியும்.